எடை நீங்கிய வெளியில்

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலையில் உலவுவோரை முதலில் தழுவுவது கடற்காற்று. வெயிலில் காய்ந்த நிலம் தன்மேல் உள்ள காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று அடர்த்தி குறைந்து மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் கடலின் குளிர்காற்று கரையேறுகிறது. உலைநீர் புரள்வதும் இவ்வாறே. இதனை வெப்பச்சலனம் என்பர். இதற்கு வெப்பம் மட்டும் போதாது, புவியீர்ப்பும் வேண்டும்.

புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த 1900ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டு இயற்பியலாளர் ஆன்றி பெனார் மெல்லிய திரவப் படலமொன்றைக் கீழிருந்து சூடாக்கி ஆராய்ந்தார். அசையாதிருந்த திரவம் தேன்கூடு போன்ற அறுகோண அறைகளாகப் பிரிந்தது. 1916இல் ராலே பிரபு இதற்குக் கணித விளக்கம் தந்தார். வெப்ப வேறுபாடு ஓர் எல்லையைத் தாண்டும்வரை பாகுநிலையும் வெப்பக்கடத்தலும் திரவத்தை அடக்கிவைக்கும். தாண்டியதும் அமைதி குலைந்து ஓட்டம் பிறக்கும். இதுவே நிலையின்மை. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், சுழற்சியும் காந்தப்புலமும் சேரும்போது இது எவ்வாறு மாறும் என்பதை 1961இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்தார்.

எனினும், பெனார் கண்ட அறைகள் ராலேயின் எல்லைக்கு மிகக் குறைந்த வெப்ப வேறுபாட்டிலேயே தோன்றியிருந்தன. 1958இல் பியர்சன் வேறொரு காரணத்தைக் கணித்துக் காட்டினார். அது பரப்பு இழுவிசை. சூடான இடத்தில் அவ்விசை குறைகிறது. குளிர்ந்த இடம் திரவப் பரப்பைத் தன்பால் இழுக்கிறது. வெற்றிடம் நேராதவாறு அடியிலிருந்து திரவம் மேலெழுகிறது. மண்ணில் இவ்விரு காரணங்களும் பின்னிக்கிடக்கின்றன. பிரித்தறிவது எங்ஙனம்?

விடை விண்வெளியில் கிடைத்தது. 1972 டிசம்பரில் அப்பல்லோ 17 கலத்தில் மெல்லிய எண்ணெய்ப் படலம் சூடாக்கப்பட்டது. எடையற்ற நிலையிலும் அறைகள் தோன்றின! ஈர்ப்பின்றியும் பரப்பு இழுவிசை ஓட்டத்தைப் பிறப்பிக்கும் என்பது கண்கூடாயிற்று. பின்னர், பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் ஜியோஃபுளோ ஆய்வு 2008இல் தொடங்கியது. இரு கோளங்களுக்கிடையே நிரப்பிய திரவத்தில், மின்புலத்தையே ஈர்ப்பின் பதிலியாக்கிப் புவியின் உள்ளோட்டங்களை ஒத்த ஓட்டங்கள் ஆராயப்பட்டன.

இவ்வாய்வு வெறும் அறிவுவேட்கை அன்று. விண்கலத்தில் சூடான காற்று தானே மேலெழாது. விசிறி நின்றால், உறங்கும் வீரர் வெளியிட்ட மூச்சுக்காற்று அவர் முகத்தருகிலேயே தேங்கி உயிருக்கே ஊறு செய்யும். உருகிய பொருளிலிருந்து படிகம் வளர்ப்போர்க்கும் இவ்வோட்டங்களை அறிவது இன்றியமையாதது; சீரற்ற ஓட்டம் படிகத்தில் குறையாகப் பதிந்துவிடும்.

எங்கும் நிறைந்த ஒன்றின் ஆற்றலை, அது விலகும்போதே அளந்தறிய முடிகிறது. அதன் நிழலில் மறைந்திருந்த எளிய விசையும் அப்போதுதான் தன் உருவைக் காட்டுகிறது.