அக்காவும் மின்மகிழுந்தும்



பணி ஓய்வு பெற்ற மூத்த ஆசிரியை ஒருவரை நான் அக்கா என்றே அழைப்பேன். கையால் கியர் மாற்றும் புரோட்டோன் சாகாவைப் பல்லாண்டுகள் ஓட்டியவர். சிங்கப்பூரில் பணிபுரியும் அவருடைய மகன் ஒரு மின்மகிழுந்தை வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டார். வண்டி இரண்டு வாரம் வாசலிலேயே நின்றது. அக்காவின் கணவருக்குப் பார்வை மங்கி வருகிறது. மாதந்தோறும் தைப்பிங்கிலிருந்து ஈப்போவிலுள்ள கண் மருத்துவரிடம் அவரை அழைத்துச் செல்ல வேறு ஆளில்லை.

"தம்பி, இது சத்தமே இல்லாமல் நகர்கிறது. பயமாக இருக்கிறது" என்றார்.

அந்த அச்சம் அறியாமையால் வந்ததன்று. இயந்திரத்தின் ஒலியைக் கேட்டே வேகத்தைக் கணித்த செவிக்கு இதில் வேலையில்லை. விரைவு மிதியிலிருந்து காலை எடுத்தால் பழைய வண்டி உருண்டுகொண்டே போகும். இதிலோ மின்னோடியே மின்னாக்கியாக மாறி, மின்கலத்துக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்புகிறது. வண்டியின் வேகமும் உடனே குறைகிறது. யாரோ பின்னாலிருந்து இழுப்பதுபோல் அக்காவுக்குத் தோன்றியிருக்கிறது. எழுத்துச் சீர்திருத்தத்தின்போது பழைய 'லை'க்குப் பழகிய கைகள் பட்ட பாட்டை மூத்த ஆசிரியர்கள் அறிவர். இதுவும் அத்தகையதே.

ஞாயிறு காலை, ஆளில்லாத பள்ளி வளாகத்தில் தொடங்கினோம். "பார்த்து, பார்த்து" என்று ஓயாமல் சொல்லும் கணவரை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டேன். (பக்கத்து இருக்கைதான் பல ஓட்டுநர்களின் அச்சத்துக்குப் பிறப்பிடம் என்பது என் கருத்து.) காலை எடுத்ததும் வேகம் குறையும் அளவை அமைப்பில் மிகக் குறைவாக வைத்தேன், வண்டி ஏறக்குறையப் பழைய சாகாவைப் போலவே உருண்டது. திரையிலிருந்த மற்ற வசதிகளைத் தொடவே இல்லை. வேகமானியைப் பாராமல் வேகத்தைச் சொல்லி, பிறகு பார்த்துச் சரிபார்ப்பதை ஒரு விளையாட்டாக்கினோம். மூன்றாம் வாரம் அக்காவின் கணிப்பு பிசகவில்லை. அதன் பிறகே அந்த அளவைச் சற்று உயர்த்தினோம்.

பெற்றோருக்கு ஒரு சொல்: மெதுவாகச் செல்கையில் பல மின்மகிழுந்துகள் மெல்லிய செயற்கை ஒலி எழுப்பும். ஆயினும் பள்ளி வாசலின் இரைச்சலில் அது பிள்ளைகளின் காதில் விழும் என்று நம்பிவிட வேண்டாம்.

எஞ்சியது, வழியில் மின்சாரம் தீர்ந்துவிடுமோ என்னும் கவலை. முழு மின்னூட்டத்தில் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் ஓடும் வண்டி அது. ஈப்போவுக்குப் போய்த் திரும்ப அதில் பாதிகூட வேண்டியதில்லை. கணக்கைச் சொன்னால் அக்காவின் மனம் கேட்கவில்லை. ஆகவே இருவருமாக ஒருமுறை ஈப்போவுக்குச் சென்றோம். மெனோரா சுரங்கப்பாதையை நோக்கி ஏறுகையில் விழுக்காடு மளமளவென்று சரிந்தது. அக்கா சுக்கானை இறுகப் பற்றினார். சுரங்கத்தைக் கடந்து ஜெலாப்பாங் நோக்கி இறங்கும்போது சரிவு நின்றது. எண் ஒன்று கூடவும் செய்தது.

"வாங்கியதில் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கிறதே!" என்று அன்றுதான் சிரித்தார்.

சென்ற மாதம் கணவரைத் தாமே அழைத்துப் போய் வந்தார். மின்சாரம் பாதிக்கு மேல் மிச்சமாம். பயணம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"கோலகங்சார் தாண்டுவதற்குள் அவர் தூங்கிவிட்டார், தம்பி."