திரும்பி வரும் வண்டி

கடலோரத்தில் குடியிருப்பவருக்கு ஸ்கூபா சாமான் என்பது தோளில் மாட்டும் ஒரு பை. கள்ளக்குறிச்சிக்காரருக்கு அது ஒரு லோடு. தியாகதுருகம், எலவனாசூர்கோட்டை, உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் என்று நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடினால்தான் எங்களுக்குப் புதுச்சேரிக் கடல். கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் இருப்பவர்கள் அதற்கு முன்பே மலைப்பாதை இறங்கிக் கச்சிராயபாளையம் வந்து சேர வேண்டும். அதனால் முக்குளிக்கப் பழகிய நாங்கள் நாலு பேர் கூடினால் மீனைவிட வண்டியைப் பற்றித்தான் அதிகம் பேசுவோம்.

வண்டி பார்க்கும்போது எல்லாரும் எவ்வளவு சாமான் கொள்ளும் என்று கேட்கிறார்கள். திரும்பி வரும்போது அது என்ன பாடுபடும் என்பதுதான் என் கேள்வி. போகையில் எல்லாம் காய்ந்திருக்கும், மடித்து அடுக்கிவிடலாம். வருகையில் வெட் சூட் தண்ணீர் குடித்துக் கனத்திருக்கும். மிதப்பைக் கட்டுப்படுத்தும் பி.சி.டி. ஜாக்கெட்டுக்குள் தங்கிய உப்புத் தண்ணீர் விழுப்புரம் வரை சொட்டும். கரையில் நல்ல தண்ணீரில் அலசினாலும் மிச்சம் இருக்கத்தான் செய்யும். அது விரிப்புக்கு அடியில் இறங்கித் தகரத்தை அரிப்பது வெளியே தெரியாது. தெரியும்போது தளம் ஓட்டையாகியிருக்கும். ஆகவே மெத்தை விரித்த அழகான டிக்கியைவிட, குழாய் பிடித்துக் கழுவக்கூடிய சமதளமும் ஓட்டையில்லாத இரண்டு பெரிய பிளாஸ்டிக் டப்பும் மேல்.

சிலிண்டர் விஷயத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பரவலாகப் புழங்கும் அலுமினிய சிலிண்டர் 11.1 லிட்டர் கொள்ளளவு. காலியாகவே 14 கிலோவுக்கு மேல் இருக்கும். 200 பார் அழுத்தத்தில் அடைத்தால் உள்ளே போகும் காற்று மட்டும் இரண்டரைக் கிலோவைத் தாண்டும். ஊரில் எல்லாரும் இதை ஆக்சிஜன் சிலிண்டர் என்பார்கள். இருப்பது நாம் மூச்சுவிடும் சாதாரணக் காற்றுதான், தீப்பற்றாது. ஆனால் கழுத்திலுள்ள வால்வு அடிபட்டு முறிந்தால் அவ்வளவு காற்றும் ஒரே வழியில் வெளியேறும். சிலிண்டர் எதையும் துளைத்துக்கொண்டு பாயும். நிற்கவைத்து ஏற்றவே கூடாது. நீளவாக்கில் படுக்கவைத்து, வால்வு பின்கதவைப் பார்க்கும்படி வைப்பது என் வழக்கம். திடீரென்று பிரேக் போட்டால் முன்னால் போய் மோதுவது அதன் அடிப்பாகமாக இருக்கும். ஆனால் இது நெடுஞ்சாலைக்கு மட்டும் போதும். மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் அதே சிலிண்டர் பக்கவாட்டில் உருளும். இருபுறமும் கட்டை அண்டக்கொடுத்து, தளத்தில் வளையம் அடித்து, பெல்ட்டால் இறுக்க வேண்டும். வளையம் அடிக்க இடமில்லாத வண்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வெயிலும் கணக்கில் வரும். 30 டிகிரியில் 200 பார் காட்டிய சிலிண்டர், மூடிய வண்டிக்குள் 60 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 220 காட்டும். மோட்டார் சைக்கிள் பேச்சுக்கே இடமில்லை. அழுத்தவாயு நிரப்பிய சிலிண்டரை இருசக்கர வாகனத்தில் கொண்டுபோகக் கூடாது என்று 2016-ஆம் ஆண்டின் வாயு சிலிண்டர் விதிகளே சொல்கின்றன. ஸ்கூபா கடைகளில் சிலிண்டர் வாடகைக்குக் கிடைக்கும்போது அதைச் சுமந்து அலையாமல் இருப்பதே நல்லது.

எங்கள் பக்கம் கைக்கெட்டும் வண்டி, குட்டி யானை என்னும் சின்ன லாரியும் பொலேரோ பிக்கப்பும்தான். மரவள்ளிக்கிழங்கு ஏற்றுவதற்கு அவற்றை மிஞ்ச ஆளில்லை. ஆனால் திறந்த தொட்டியில், சிலிண்டர் காற்றை மூச்சுவிடத் தரும் ரெகுலேட்டரின் ரப்பர் வெயிலில் வெடிக்கும், புழுதி உள்ளே போகும். உயிர் காக்கும் கருவியை அப்படி வைக்க எனக்கு மனம் வராது. உயரமான எஸ்.யூ.வி. மலைக்கு நல்லதுதான், கடலிலிருந்து களைத்து வந்தபின் காலியாகவே பதினான்கு கிலோவுக்கு மேல் கனக்கும் சிலிண்டரை இடுப்புக்கு மேல் தூக்கிப் பாருங்கள், அப்போது தெரியும். என் ஓட்டு மாருதி ஈகோவுக்கு. இழுத்துத் திறக்கும் பக்கக் கதவு, தாழ்ந்த தளம், எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில், இழுப்பு பின்சக்கரத்தில். பின்னால் பாரம் இருந்தால் ஏற்றத்தில் பிடிப்பு கூடும். மழை பெய்த மலைக்கிராமத்து மண்பாதையில் அது திணறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிமலைத் தம்பி ஒருவனுக்கு இது பிடிக்கவில்லை. "நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வாங்கினா ராத்திரியே மலை ஏறிடலாமே அண்ணா" என்றான். வண்டி ஏறும், உன் உடம்பு ஏறக் கூடாது என்றேன். பதினெட்டு மீட்டர் ஆழத்தில் நம்மீது அழுத்தம் தரையில் உள்ளதைப்போல் 2.8 மடங்கு. அங்கே இரத்தத்திலும் திசுக்களிலும் கரையும் நைட்ரஜன், மேலே வந்தபின் மெல்ல மெல்லத்தான் வெளியேறும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த உயரத்துக்குப் போனால் குமிழியாகி மூட்டையோ நரம்பையோ தாக்கலாம். ஒரு முறை மூழ்கினால் 12 மணி நேரம், பல முறை மூழ்கினால் 18 மணி நேரம் விமானம் ஏறாதீர்கள் என்கிறது முக்குளிப்போர் பாதுகாப்பு அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க். விமான அறைக்குள் 2,000 அடியிலிருந்து 8,000 அடி உயரத்துக்கு நிகரான அழுத்தம் இருக்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. கல்வராயன் மலை 2,000 அடியைத் தாண்டியது. ஏறுவது விமானமா ஈகோவா என்பது நைட்ரஜனுக்குத் தெரியாது. வார இறுதியில் புதுச்சேரிக்கு வந்து மூழ்கிவிட்டு ஞாயிறு மாலையே ஏறக்குறைய 3,000 அடி உயரத்திலுள்ள பெங்களூருக்குக் காரில் கிளம்புகிறவர்களை நினைத்தால் எனக்குப் பகீரென்கிறது.

தம்பி இப்போது பழைய ஈகோ ஒன்று வாங்கியிருக்கிறான். கடலிலிருந்து திரும்பும் இரவு கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டிலேயே தங்கல். சாமான் மொட்டை மாடிக் கொடியில் காயும். அரவைக் காலத்தில் பின்விளக்கு இல்லாத கரும்பு டிராக்டர்களுக்கு நடுவே இருட்டில் ஓட்டும் வேலையும் இல்லை. முதல் நாள் காலை பதினொரு மணிக்குக் கடைசியாகக் கடலிலிருந்து எழுந்திருந்தால், மறுநாள் காலை ஐந்தோடு பதினெட்டு மணி நேரம் முடியும். அவன் ஏழு மணிக்குக் காப்பி குடித்துவிட்டுத்தான் மலைக்குக் கிளம்புகிறான்.