பழையதெல்லாம் நல்லிரசமா?

குருப்பட்டத்தன்று பரிசாகக் கிடைத்த திராட்சை இரசத்தை வெள்ளி விழாவுக்கெனக் காத்துவரும் உடன்குருக்கள் சிலரை நான் அறிவேன். ஆண்டுகள் கூடக்கூட எல்லா இரசமும் சிறக்கும் என்பது அவர்களது நம்பிக்கை. பெரும்பாலானவை சிறப்பதில்லை. பிரான்சு நாட்டின் போழோலே நூவோ அறுவடை செய்த ஆண்டிலேயே, நவம்பர் மூன்றாம் வியாழனன்று விற்பனைக்கு வருவது. சில மாதங்களுக்குள் அருந்துவதற்கென்றே செய்யப்படுவது. அதைப் பூட்டி வைப்பது இளநீரைப் பறித்து மாதக்கணக்கில் வைப்பது போலாகும்.

போர்தோ நாட்டுப்புறத்து நல்ல மெடோக் இரசமோ வேறு. கபர்னே சோவிஞ்ஞோன் பழத்தின் தடித்த தோல் தரும் துவர்ப்பு இளமையில் நாவை வருத்தும். அத்துவர்ப்பே இரசத்தைப் பல்லாண்டு காக்கிறது. பின்னர் மெல்ல மண்டியாய் அடியில் படிய, சுவை கனிகிறது. சொத்தேர்னுக்கு இனிப்பும் புளிப்பும் காவல். ஆயினும் இவை நெடுநாள் வாழக் குளிர்ந்த, இருண்ட நிலவறை வேண்டும்; நம் கோடை வெயிலில் காயும் அறைவீட்டு அலமாரி எந்த இரசத்துக்கும் ஆகாது.

ஆகவே, தந்தையரே, புட்டியின் சீட்டை முதலில் படியுங்கள். நூவோ என்றிருந்தால் விழாவுக்குக் காத்திராமல் இன்றிரவே திறந்துவிடுங்கள்.