கல்லில் நார் உரித்தோம்

"கல்லில் நார் உரிக்க முடியுமா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பதுண்டு. நடவாத காரியத்துக்குச் சொல்லும் பழமொழி அது. ஆனால் கல்லுக்குள்ளே நாரோட்டம் இருப்பதைக் கண்ணால் காணவும், விரலால் தடவிப் பார்க்கவும் ஓரிடம் நமக்கு மிக அருகிலேயே இருக்கிறது. திருச்சியிலிருந்து சென்னை நெடுஞ்சாலையில் பாடாலூர் வரை சென்று, கிழக்கே திரும்பினால் போதும். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் மரம் ஒன்று கல்லாய்ப் படுத்திருக்கிறது.

இவ்வாண்டு எட்டாம் வகுப்பு மாணவியர் 42 பேரை அங்கே அழைத்துச் செல்வது என்று முடிவாயிற்று. காலையில் காரை, சாத்தனூர். மாலையில் திருச்சி அண்ணா அறிவியல் மையம். அறிவிப்பைக் கேட்டதும் வகுப்பில் ஒரு முணுமுணுப்பு. "கல்லைப் பார்க்கவா டீச்சர் இவ்வளவு தூரம்?" என்று ஒருத்தி கேட்டே விட்டாள். "போய் வந்து நீயே சொல்" என்றார்கள் சிஸ்டர்.

புளியோதரைப் பொட்டலங்களும் தண்ணீர்க் குடங்களும் ஏறின. பேருந்து பாடாலூரைத் தாண்டியதும் பாட்டுச் சத்தம் மெல்லக் குறைந்தது. காரைக்கு அருகே வயல்கள் மறைந்து, மஞ்சளும் பழுப்புமாய் மண்மேடுகள் தொடங்கின. மழைநீர் அறுத்த ஓடைகள், இடையிடையே முட்செடிகள். மண்ணில் கண்ணாடிச் சில்லுகள் போல் ஏதோ மின்னியது. "யாரோ பாட்டிலை உடைச்சிருக்காங்க!" என்றாள் ஒருத்தி. அது கண்ணாடியன்று, ஜிப்சம் என்னும் உப்புக் கனிமம்.

"இப்போது நீங்கள் நிற்பது கடலின் அடித்தளம்" என்றேன். எல்லாரும் சுற்றும்முற்றும் பார்த்தார்கள். சொட்டுத் தண்ணீர் இல்லை.

புவியியலார் 'கிரெட்டேசியஸ்' என்று அழைக்கும் காலம், சுமார் 14½ கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. தென்கண்டங்களோடு ஒட்டிக் கிடந்த நம் நிலப்பகுதி பிரிந்து நகரத் தொடங்கியபோது, தாழ்ந்த கரைகளின் மேல் கடல் ஏறி வந்தது. பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்கள் அதில் மூழ்கின. பல கோடி ஆண்டுகள் அந்தக் கடலில் வண்டல் படிந்தது. வண்டலோடு உயிர்களும் புதைந்தன. பின்னர்க் கடல் பின்வாங்கிற்று. அடித்தளம் நம் காலடிக்கு வந்தது.

ஹென்றி பிளான்ஃபோர்டு என்ற ஆங்கிலேயர் இந்தப் பாறைகளை ஆராய்ந்து 1862-இல் அறிக்கை வெளியிட்டார். ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று நம் ஊர்களின் பெயர்களையே பாறைத் தொகுதிகளுக்குச் சூட்டினார். நம் பேருந்தின் பெயர்ப்பலகையில் நாம் நாள்தோறும் படிக்கும் ஊர்ப்பெயர்களை, உலகெங்குமுள்ள புவியியல் மாணவர்கள் பாடமாகப் படிக்கிறார்கள். இதைச் சொன்னபோது பிள்ளைகள் சற்று நிமிர்ந்து நின்றார்கள்.

பிறகு தேடல் தொடங்கியது. முதலில் எவருக்கும் எதுவும் கிடைக்கவில்லை. எல்லாம் கல்லாகவே தெரிந்தன. அப்போது விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு சிறுமி மட்டும் குனிந்து, "இதோ, இதோ" என்று காட்டிக்கொண்டே போனாள். அவள் அரியலூர்ப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவள். வகுப்பில் கேட்டாலன்றி வாய் திறக்காதவள். "எங்க ஊர்லயும் இந்த மாதிரி கெடக்கும் டீச்சர். உருண்டையா இருக்குறதைப் பொறுக்கி அஞ்சாங்கல் ஆடுவோம்" என்றாள். அன்று முழுவதும் அவளே எங்களுக்கு வழிகாட்டி.

அவள் காட்டியவற்றில் துப்பாக்கிக் குண்டு போன்ற ஒன்று இருந்தது. பெலம்னைட் என்பது அதன் பெயர். நாம் சந்தையில் வாங்கும் கணவாயின் பழைய உறவினம். உடலுக்குள் இருந்த கடினமான பகுதி மட்டும் கல்லாய் மிஞ்சியிருக்கிறது. ஆட்டுக்கொம்பு போல் சுருண்ட அம்மோனைட்டின் உடைந்த துண்டும் கிடைத்தது. அதுவும் கணவாய்க்கு உறவே. ஒரு காலத்தில் கடலெங்கும் நிறைந்திருந்த அந்த இனம், டைனோசர்கள் அழிந்த அதே காலத்தில் அடியோடு அழிந்துவிட்டது.

புறப்படும் வேளையில் ஒரு மாணவியின் கைக்குட்டை மட்டும் சற்றுக் கனமாய்த் தொங்கியது. உள்ளே இரண்டு பெலம்னைட்டுகள். "வீட்டுல தம்பிக்குக் காட்டத்தான் டீச்சர்" என்றாள். கண்ணில் நீர் முட்டியது. கடிந்து பேச மனம் வரவில்லை. எல்லாரையும் அங்கேயே உட்காரவைத்து ஒரு கதை சொன்னேன்.

1666-இல் இத்தாலிக் கடற்கரையில் பெரிய சுறா ஒன்று பிடிபட்டது. அதன் தலையை அறுத்து ஆராயும் பணி நிக்கோலாஸ் ஸ்டெனோ என்ற டென்மார்க் நாட்டு மருத்துவரிடம் வந்தது. அக்காலத்தில் பாறைகளில் கிடைத்த முக்கோணக் கற்களைப் 'பாம்பு நாக்குகள்' என்றும், வானிலிருந்து விழுந்தவை என்றும் மக்கள் நம்பி வந்தனர். சுறாவின் பற்களைப் பார்த்த ஸ்டெனோ, அந்தக் கற்களும் இவையும் ஒன்றே என்று கண்டார். அப்படியானால் மலைப்பாறைக்குள் சுறாவின் பல் எப்படிப் போயிற்று? அந்தக் கேள்வியைத் தொடர்ந்தே சென்று, 1669-இல் ஒரு நூல் எழுதினார். அடியில் உள்ள அடுக்கு முந்தியது, மேலே உள்ளது பிந்தியது என்ற எளிய விதியை உலகுக்குத் தந்தார். பிற்காலத்தில் அவர் குருவானார், 1677-இல் ஆயரானார், 1988-இல் திருச்சபை அவருக்கு அருளாளர் பட்டம் அளித்தது. வேதபாட வகுப்பில், "ஆறு நாளில் உலகம் படைக்கப்பட்டது என்றால் இந்தக் கோடி ஆண்டுகள் எங்கிருந்து வந்தன?" என்று தயங்கித் தயங்கிக் கேட்கும் பிள்ளைகள் உண்டு. கேள்விக்கு அஞ்சாத ஆயர் ஒருவர் மூன்றரை நூற்றாண்டுகளுக்கு முன்பே வாழ்ந்தார் என்பதை அவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

"இந்தக் கல் எந்த அடுக்கில் கிடந்தது என்பதுதான் இதன் முகவரி. எடுத்துப் பையில் போட்டுவிட்டால், முகவரி கிழிந்த கடிதம் போலாகிவிடும். அழகாக இருக்கும், யாருக்கும் ஒன்றும் சொல்லாது" என்றேன். அந்த மாணவி எழுந்தாள். எடுத்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, இரண்டையும் அங்கேயே வைத்துவிட்டு வந்தாள். தம்பிக்குக் காட்ட அவற்றை நோட்டுப் புத்தகத்தில் வரைந்துகொண்டாள்.

சாத்தனூரை அடைந்தபோது வெயில் ஏறிவிட்டது. வேலிக்குள்ளே 18 மீட்டருக்கும் அதிக நீளமுள்ள அடிமரம் படுத்திருக்கிறது. இதனை 1940-இல் உலகறியச் செய்தவர், இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன், பின்னாளில் அத்துறையின் முதல் இந்திய இயக்குநராக உயர்ந்த தமிழர். பூக்கும் மரங்கள் பெருகுவதற்கு முந்திய காலத்து ஊசியிலை மர இனம் இது என்றும், வயது 12 கோடி ஆண்டுகள் என்றும் ஆய்வுத்துறை குறிக்கிறது. அன்று கடற்கரை இதற்கும் மேற்கே 8 முதல் 10 கி.மீ. தொலைவில் இருந்ததாம். ஆற்று வெள்ளம் அடித்து வந்த மரம் கடலுக்குள் விழுந்து, வண்டலில் புதைந்தது. காற்றுப் புகாததால் அழுகவில்லை. மணலில் உள்ள சிலிக்கா கரைந்த நீர், மரத்தின் நுண்ணறைகளுக்குள் ஊறி ஊறி, மரப்பொருள் போன இடத்தையெல்லாம் கல்லால் நிரப்பிவிட்டது. உருவம் மரத்தினுடையது, பொருள் கல்லினுடையது.

"டீச்சர், நார் தெரியுது!" என்று கூவினாள் ஒருத்தி. பழமொழி நினைவுக்கு வர, அனைவரும் சிரித்தோம்.

அருகே சாலையோரம் கிடந்த சுண்ணாம்புக்கல் சில்லொன்றின் மேல், ஆய்வுக்கூடத்திலிருந்து கொண்டுசென்ற நீர்த்த அமிலத்தை ஒரு சொட்டு விட்டோம். நுரைத்துப் பொங்கியது. "கிளிஞ்சல்களும் கடல்வாழ் உயிர்களின் ஓடுகளும் படிந்து இறுகிய கல் இது. அதில் அடைபட்ட கரியமில வாயு இப்போது வெளியேறுகிறது" என்று விளக்கினேன். விடுதிச் சிறுமி அந்தச் சில்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "எங்கப்பா ஓட்டுற லாரியில இந்தக் கல்லுதான் சிமெண்டு ஆலைக்குப் போகுது. எல்லாத்தையும் அரைச்சுட்டா, அப்புறம் இந்தக் கடல் இருந்துச்சுன்னு யாருக்கு டீச்சர் தெரியும்?"

யாரும் சிரிக்கவில்லை. அரியலூர் வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல்லைக் களிமண்ணோடு சேர்த்து, 1,400 பாகைக்கும் மேலான வெப்பத்தில் சுட்டு அரைத்தால் சிமெண்ட் கிடைக்கிறது. அதில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிகிறது. அதில்தான் நம் வகுப்பறைச் சுவர்கள் நிற்கின்றன. ஆலையே வேண்டாம் என்று சொல்ல நமக்கு வாயில்லை. சுரங்கம் தோண்டியதால் வெளிச்சத்துக்கு வந்த புதைபடிவங்களும் உண்டு. ஆனால் அரைத்துவிட்ட பக்கத்தை மறுபடி படிக்க இயலாது. ஆகவே அரைப்பதற்கு முன் பார்க்க வேண்டும், குறிக்க வேண்டும், அரியவற்றைக் காக்க வேண்டும். சாத்தனூர் மரம் இன்று தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். அரியலூருக்கு அருகே வாரணவாசியில் புதைபடிவங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. "தெரிந்தவர்கள் எழுதி வைத்தால் தெரியும்" என்றேன். "உனக்குத் தெரிந்திருக்கிறதே!" என்று அவளுடைய தோழி சொன்னாள். அதுவே சரியான பதில் என்று எனக்குத் தோன்றியது.

மாலை மூன்று மணிக்குத் திருச்சிக்குத் திரும்பி, விமான நிலையத்துக்கு அருகே புதுக்கோட்டைச் சாலையில் உள்ள அண்ணா அறிவியல் மையத்தில் நுழைந்தோம். 1999-இல் தொடங்கப்பெற்ற இம்மையத்தில் கோளரங்கமும் அறிவியல் பூங்காவும் உள்ளன. காலையில் 'எடுக்காதே, உடைக்காதே' என்று கேட்ட காதுகளுக்கு, 'தொட்டுப் பார், இழுத்துப் பார், சுற்றிப் பார்' என்பது விருந்தாக இருந்தது. வகுப்பில் கப்பியின் பயனைப் படிக்கும்போது கொட்டாவி விட்டவர்கள், இங்கே கயிற்றைப் பிடித்து இழுக்க வரிசையில் நின்றார்கள். வளைந்த ஆடியின் முன் நின்று, தலைகீழாய்த் தெரிந்த தங்கள் முகத்தைக் கண்டு ஓயாமல் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பின் நடுவே கைக்குட்டை மாணவி ஓடி வந்தாள். "அங்கே எடுக்கக் கூடாதுன்னீங்க. இங்கே எதை வேணும்னாலும் தொடலாமாம். ஏன் டீச்சர்?"

நல்ல கேள்வி. "இந்தக் கயிறு அறுந்தால் நாளைக்கே வேறு கயிறு மாட்டலாம். ஆடி உடைந்தால் வேறு வாங்கலாம். அந்தக் கல்லுக்கு மாற்று எந்தக் கடையிலும் கிடையாது" என்றேன். அவள் சற்று யோசித்துவிட்டு, "அப்போ இங்கே பழகிட்டு அங்கே போகணும்" என்றாள். என் விளக்கத்தைவிட அவளுடையது நன்றாக இருந்தது. கேட்டும், இழுத்தும், அளந்தும் பழகிய கை பிறகு கல்லைத் தொடும்போது பொறுமையோடு தொடும்.

கேள்வி கேட்டுப் பழகாவிட்டால் என்ன நேரும் என்பதற்கும் இதே பெரம்பலூர் மாவட்டத்தில் சான்று உண்டு. 2020 அக்டோபரில் குன்னம் பகுதியில் பெரிய பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டபோது, 'டைனோசர் முட்டை' என்று ஊரெல்லாம் செய்தி பரவிற்று, கூட்டம் திரண்டது. வல்லுநர்கள் வந்து பார்த்து, அவை முட்டைகளல்ல, அம்மோனைட் காலத்துக் கடற்படிவ உருண்டைகளே என்று தெளிவுபடுத்தினர். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது அறிவியலுக்கும் பொருந்தும்.

கடைசியாகக் கோளரங்கம். விளக்குகள் அணைந்தன; தலைக்கு மேல் விண்மீன்கள் பூத்தன. ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலம் 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது என்று கேட்டபோது, இருட்டில் யாரோ கணக்குப் போடும் குரல் கேட்டது: "அந்த வெளிச்சம் கிளம்புறப்பவே சாத்தனூர் மரம் கல்லாயிடுச்சுடி!" அதற்குமேல் நான் கற்பிக்க ஒன்றுமில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து திரும்பிய விடுதிச் சிறுமி, நாற்பது பக்க நோட்டு ஒன்றை என் மேசையில் வைத்தாள். தன் ஊரில் கண்ட ஒவ்வொரு புதைபடிவத்துக்கும் இடம், நாள், எந்த நிற மண்ணில் கிடந்தது, விரற்கடை அளவு என்று எழுதி, படமும் வரைந்திருந்தாள். சில இடங்களைச் சொன்னவர் அவள் தந்தையாம். லாரியை நிறுத்திவிட்டு மகளோடு சேர்ந்து அவரும் தேடினாராம்.

அன்பு மாணவியரே! விடுமுறைக்கு ஊர் செல்லும்போது கிணறு வெட்டிய மண்ணையும், ஓடைக்கரையையும், சாலைக்கு அறுத்த மேட்டையும் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். ஏதேனும் கண்டால் தொட்டுப் பாருங்கள், வரையுங்கள், அளந்து எழுதுங்கள். கல்லை அதன் இடத்திலேயே விட்டுவிடுங்கள். ஆய்வுக்கூட அலமாரியில் அந்த நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. பாதிப் பக்கங்கள் இன்னும் வெறுமையாகவே உள்ளன.