உமிழ்நீரும் அரைப்பேரும்

உமிழ்நீரைப் பற்றி எழுதப் புகுந்தால் முகம் சுளிப்போர் உண்டு. ஆயினும் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லீற்றர் சுரக்கும் அந்நீரை மாந்தர் யாவரும் தாம் அறியாமலே விழுங்கி வாழ்கின்றனர். விழுங்கும் ஆற்றலை இழந்தவருக்கோ அது நுரையீரலுக்குள் இறங்கும் வெள்ளமாகிறது.

நல்லதண்ணியில் எம் மாணவி ஒருத்தியின் தந்தை இந்நிலையில் வாழ்கிறார். பக்கவாதத்தால் வீழ்ந்தவரைத் தொலைநகர் மருத்துவமனையொன்றில் கழுத்தில் துளையிட்டு, மூச்சுக்குழாயில் குழல் செருகிக் காப்பாற்றினார்கள். குழலோடு லயத்துக்குத் திரும்பினார். குழலைச் சூழ்ந்து ஊதப்பட்ட காற்று வளையம் எச்சிலை முற்றாகத் தடுத்துவிடும் என்றே வீட்டார் நம்பினர். அது தடுப்பதில்லை. வளையத்தின் மேல் தேங்கும் எச்சில் ஓரமாகக் கசிந்து, வாயின் கிருமிகளையும் உடன் கொண்டு கீழிறங்கும். வளையத்தை மேலும் இறுக ஊதினால் மூச்சுக்குழாயின் சுவர் புண்படும். எச்சிலை வற்றச் செய்யும் மருந்துகள் உண்டு. அவை மிஞ்சினால் சளி இறுகிக் குழலையே அடைக்கும். ஆகவே தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்தல், வாயைத் துப்புரவாக்கல், தேங்கியதை உறிஞ்சியெடுத்தல், இயன்றவருக்கு விழுங்கும் பயிற்சி அளித்தல் ஆகிய யாவும் ஓயாது தொடர வேண்டும்.

இத்தனையும் செய்பவர் யார்? கொழுந்து பறிக்கும் அவருடைய மனைவி. சளி மிகுந்த காலையில் மலைக்குப் பிந்திப் போனால் அரைப்பேர். போகாவிட்டால் அதுவும் இல்லை. கையில் கொடுத்தனுப்பிய அறிவுரைத் தாளோ ஆங்கிலத்தில் இருந்தது. அதை நாம் தமிழில் எழுதி, தாதி ஒருவரிடம் வரிவரியாகச் சரிபார்த்துக் கொடுத்தோம். வாசிக்கக் கேட்ட அந்த அம்மா ஒன்றே ஒன்று வினவினார்:

"எல்லாம் சரிங்க சேர், ராத்திரியில கரண்டு போனா மெசினுக்கு நான் என்ன செய்யிறது?"

யாத்திரைக் காலத்தில் சிவனொளிபாதமலையின் உச்சிவரை விளக்கெரிகிறது. அதன் அடிவாரத்து லயத்திலோ மின்சாரம் நிற்கும் இரவுக்கு அஞ்சி ஒரு பெண் விழித்திருக்கிறார்.

இது அவரவர் தலையெழுத்து என்பாருக்கு 1952ஆம் ஆண்டைச் சுட்டுவோம். அவ்வாண்டு கோப்பன்கேகன் நகரின் பிளெக்டம் மருத்துவமனையில் இளம்பிள்ளைவாத நோயாளர் குவிந்தனர். தொண்டைத் தசைகள் முடங்கித் தம் எச்சிலிலேயே மூழ்கியோர் பலர். தொடக்கத்தில் மூச்சு இயந்திரத்தில் வைக்கப்பட்ட 31 பேரில் 27 பேர் மாண்டனர். மயக்கமருந்து நிபுணர் பியோன் இப்சன், கழுத்தில் துளையிட்டுக் குழல் செருகி, சளியை உறிஞ்சி, இரப்பர்ப் பையைக் கையால் அமுக்கி மூச்சூட்டும் வழியைக் காட்டினார். ஏறக்குறைய 1,500 மாணவர்கள் முறைவைத்து, இரவு பகலாக, மாதக்கணக்கில் அப்பையை அமுக்கினர். மரணம் பெரிதும் குறைந்தது. அந்த உழைப்புக்கு ஊதியமும் தரப்பட்டது என்பதை நாம் மறத்தலாகாது.

2017இல் டிக்கோயாவில் 150 கட்டில்களுடன் புதிய மருத்துவமனைக் கட்டடம் திறக்கப்பட்டது. அது மலையகம் பெற்ற நன்மையே. ஆனால் இத்தகைய நோயாளியின் நெடும்போராட்டம் கட்டிலை விட்டிறங்கிய பின்னரன்றோ தொடங்குகிறது! வீடு அனுப்புமுன் குடும்பத்தாருக்குத் தமிழில் பயிற்சி வேண்டும். மின்சாரமின்றிக் காலால் மிதித்து இயக்கும் உறிஞ்சு கருவி வேண்டும். லயத்துக்கு வந்து பார்க்கும் தாதி வேண்டும். பராமரிக்கும் தொழிலாளிக்குச் சம்பளத்துடன் விடுமுறை வேண்டும்.

ஒரு மனிதனின் மூச்சைக் காத்த காலைப்பொழுதுக்கு அரைப்பேர் போடும் கணக்கு, மாற்றப்பட வேண்டிய கணக்கு.