தென்கொரியாவில் நான் கண்டவை

எங்கள் ஆட்கள் நாலுபேர் கூடும் இடங்களில் அடிக்கடி எழும் வாதம் ஒன்றுண்டு. "முதலில் நாடு முன்னேற வேணும். உரிமை, சனநாயகம் எல்லாம் பிறகு பார்க்கலாம். தென்கொரியாவைப் பாருங்கோ!" என்பதே அது. என் சித்தப்பாவும் இந்தக் கட்சிதான். சென்ற வசந்தகாலத்தில் அங்கு செல்ல எனக்கு வாய்ப்புக் கிடைத்தபோது, "வடிவாப் பார்த்துக்கொண்டு வா" என்று சொல்லியே வழியனுப்பினார்.

தலைநகர் சியோல் எவரையும் திகைக்க வைக்கும். 1950களின் போரில் இடிந்து கிடந்த நகரம் இதுவென்றால் நம்புவது கடினம். 1961 மே 16இல் இராணுவப் புரட்சி மூலம் ஆட்சியைப் பிடித்த பார்க் சுங் ஹீ, மறு ஆண்டு முதலாவது ஐந்தாண்டுத் திட்டத்தைத் தொடங்கினார். வங்கிகளை அரசு தன் கைக்குள் கொண்டுவந்தது. ஏற்றுமதி செய்து காட்டிய கம்பனிகளுக்குக் குறைந்த வட்டியில் கடன் கொடுத்தது. பொய்முடியும் ஆடைகளும் ஏற்றிய கப்பல்களில் பின்னர் இரும்பும் கார்களும் போயின. 1964இல் 10 கோடி டொலராயிருந்த ஆண்டு ஏற்றுமதி 1977இல் 1,000 கோடி டொலரைத் தொட்டது. சித்தப்பா சொல்வதில் இந்தப் பாதி உண்மையே.

மற்றப் பாதியைத் தேடி சொங்கேசொன் ஓடைக்கரைக்குப் போனேன். வீதிக்கடியில் மூடிக் கிடந்த இந்த ஓடையை 2005இல் மீண்டும் திறந்துவிட்டார்கள். கரையில் இருப்பது 'சமாதானச் சந்தை'. 1960களில் இதன் மாடிகளில், நிமிர்ந்து நிற்கவும் முடியாத பதிந்த கூரைகளின் கீழ், சின்னப் பெண்பிள்ளைகள் நாளுக்குப் பதினாலு மணித்தியாலம் தைத்தார்கள். கூட வேலை செய்த ஜொன் தே-இல் என்ற இளைஞன் தன் பஸ் காசில் அவர்களுக்குப் பணியாரம் வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தே போவானாம். 1953ஆம் ஆண்டிலேயே தொழிலாளர் சட்டம் வந்துவிட்டதை அறிந்து அதிகாரிகளுக்கு மனு எழுதினான். பயனில்லை. 1970 நவம்பர் 13இல், "நாங்கள் இயந்திரங்கள் அல்ல" என்று கூவித் தீக்கிரையானான். வயது 22. பாலத்தில் அவனுக்குச் சிலை இருக்கிறது. அவன் தாயார் லீ சோ-சன் 2011இல் இறக்கும்வரை தொழிலாளருக்காகவே வாழ்ந்தார்.

அங்கிருந்து தெற்கே, ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்தில் குவாங்ஜூ. 1979 ஒக்டோபரில் பார்க்கை அவருடைய உளவுத்துறைத் தலைவரே சுட்டுக் கொன்றார். பின்னர் தளபதி சுன் டூ ஹுவான் அதிகாரத்தைக் கைப்பற்றினார். 1980 மே 18இல் குவாங்ஜூ மாணவர்கள் எதிர்த்து நின்றார்கள். படை அடித்தது, சுட்டது. சில நாட்கள் மக்களே நகரத்தை நடத்தினார்கள். சந்தைப் பெண்கள் சோற்றுருண்டை பிடித்துக் கொடுத்தார்கள். மே 27 விடியுமுன் இராணுவம் நகரத்தை மீண்டும் பிடித்தது.

ஆனால் மக்கள் மறக்கவில்லை. 1987 யூனில் இலட்சக்கணக்கானோர் வீதிக்கு இறங்க, சனாதிபதியை மக்களே நேரடியாகத் தெரிவு செய்ய அரசு இணங்கியது. 1996இல் சுன் நீதிமன்றத்தில் மரண தண்டனை பெற்றார்; அது ஆயுள் தண்டனையாகக் குறைந்து, 1997இல் மன்னிப்பும் கிடைத்தது. 2024 டிசம்பர் 3 இரவு சனாதிபதி யூன் சுக் யோல் இராணுவச் சட்டம் அறிவித்தபோது, மக்கள் பாராளுமன்ற வாசலில் திரண்டார்கள். சில மணித்தியாலத்தில் 190 உறுப்பினர்கள் வாக்களித்து அதை நீக்கினார்கள். 2025 ஏப்ரலில் அவர் பதவியிழந்தார். கட்டிய வீதிகளைவிட இதுவே பெரிய முன்னேற்றம் என்று எனக்குப் பட்டது.

குவாங்ஜூவின் தேசிய மயானம் 1997இல் திறக்கப்பட்டது. காணாமற்போனோருக்கும் அங்கே கல் நாட்டியிருக்கிறார்கள். கீழே உடல் இல்லை; மேலே பெயர் இருக்கிறது. வயதான அம்மா ஒருவர் ஒரு கல்லைக் கைலேஞ்சியால் துடைத்துக்கொண்டிருந்தார். 1990இல் வீட்டிலிருந்து கூட்டிச் செல்லப்பட்ட என் அண்ணனை நினைத்துக்கொண்டேன். துடைப்பதற்கு எங்களுக்கு ஒரு கல்லும் இல்லை.

திரும்பி வந்து எல்லாவற்றையும் சித்தப்பாவிடம் சொன்னேன். இம்முறை அவர் வாதாடவில்லை.

"தாய்மார் உயிரோட இருக்கேக்கையே அந்தக் கல்லுகளை வைச்சவையோ?" என்று மட்டும் கேட்டார்.

"சில பேருக்கு" என்றேன்.

அம்மாவுக்கு இந்த ஆண்டு 84 வயது.