கதவுக்கு வெளியே ஐந்து மாதம்

பள்ளி விட்டு இருபது நிமிடம். ஒன்றாம் வகுப்பறையில் பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, தரையில் பல்லாங்குழியோடு அம்மாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். வகுப்பு டீச்சரும் பேச்சுப் பயிற்சியாளரும் நானும் வராந்தாவில் நின்றோம். கதவு சாத்தியிருந்தது. நாங்கள் நிற்பது குழந்தைக்குத் தெரியும். ஒளிந்து கேட்பது இந்த வேலையில் ஆகாது.

"ஏமாத்தாதம்மா, அது என் குழி!"

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். ஜூனிலிருந்து ஐந்து மாதமாகத் தன் வகுப்பில் இருக்கும் குழந்தையின் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறார்.

வீட்டில் வாயாடி. பள்ளி கேட்டைத் தாண்டினால் ஒரு சொல் வராது. வருகைப்பதிவுக்குக் கை தூக்குவாள். பாத்ரூம் போகக் கேட்க முடியாமல் இரண்டு முறை உடை நனைந்திருக்கிறது. "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கேட்காத உறவினர் இல்லை. பாட்டி நாக்கில் வசம்பு உரசித் தடவியிருக்கிறார். வசம்புக்கே ‘பேர் சொல்லாதது’ என்று ஒரு பெயர் உண்டு என்பது தனி வேடிக்கை.

இதைத் திமிர் என்று நினைத்ததில் உறவினர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. பேசத் தெரிந்தும் சில இடங்களில் பேச்சு வராமல் போவதை 1877-இல் பதிவுசெய்த ஜெர்மன் மருத்துவர் குஸ்மாவுலே, வேண்டுமென்றே பேசாதிருத்தல் என்ற பொருளில்தான் பெயர் வைத்தார். 1994-இல் அமெரிக்க மனநல வகைப்பாடு பெயரை ‘செலக்டிவ் மியூட்டிசம்’ என்று மாற்றியது. 2013-இல்தான் பதற்றக் கோளாறுகளின் வரிசையில் சேர்த்தது. பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்து மிரட்சி கணக்கில்லை. அதற்குப் பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் பார்க்க வேண்டும்.

வந்ததும் நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். குனிந்து, "பேர் என்ன பாப்பா?" என்றேன். முகம் மரமாகிவிட்டது, கண் இமைகூட அசையவில்லை. பயிற்சியாளர் என்னைத் தள்ளி அழைத்துப் போனார். "கேள்வியே வேண்டாம் சார். பக்கத்துல உட்கார்ந்து, அவ செய்யறதைப் பத்தி நீங்க பாட்டுக்குப் பேசலாம். பதிலுக்குக் காத்துக்கிட்டிருக்கற முகத்தைப் பார்த்தாத்தான் அவளுக்குத் தொண்டை அடைக்குது."

கதவை ஒரு சாண் திறந்தார்கள். டீச்சர் முதுகைக் காட்டி நின்றார். உள்ளே அம்மாவும் மகளும் புளியங்கொட்டைகளை மாற்றி மாற்றி எண்ணினார்கள். குரல் கிசுகிசுப்பானது, பிறகு நின்றே போனது. பயிற்சியாளர் கை காட்ட, டீச்சர் கதவிலிருந்து விலகிப் போனார். யாரும் எதுவும் சொல்லவில்லை. இரண்டு நிமிடம் கழித்து எண்ணிக்கை மறுபடி கேட்டது.

அடுத்த அரை மணி நேரத்தில் டீச்சர் நகர்ந்தது பத்தடி இருக்கும். வாசற்படி, மேசை, கடைசியில் தரை. வழியெல்லாம் நோட்டுத் திருத்துகிற பாவனை. ஒரே நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும்: ஆள் பக்கத்தில் வந்தால் விளையாட்டு மாறக்கூடாது, விளையாட்டு மாறினால் ஆள் நகரக்கூடாது.

அம்மா "ஒண்ணு" என்றார். சிறுமி "ரெண்டு". டீச்சர், தலை நிமிராமல், "மூணு". அம்மா, "நாலு".

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த இடைவெளி ஐந்து விநாடிதான் இருக்கும். அம்மா எடுத்துக்கொடுக்கவில்லை. அதற்கு எவ்வளவு பல்லைக் கடித்திருப்பாரோ.

"அஞ்சு."

காற்றில் பாதி போன குரல். டீச்சரின் கை தட்டுவதற்கு எழுந்து, பாதியில் இறங்கிக் கொட்டையை எடுத்தது. "ஆறு" என்றார், கடைக்காரர் எண்ணுவது போல. கொண்டாடினால் எல்லாரும் தன்னையே பார்க்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

பன்னிரண்டில் ஆட்டத்தை முடித்துக்கொண்டார்கள். அம்மாவும் மகளும் செருப்பு மாட்டிக்கொண்டிருக்க, டீச்சர் வராந்தாவுக்கு வந்து மெதுவாகக் கேட்டார்.

"நாளைக்கு அட்டெண்டன்ஸ்ல அவ பேர் வரும்போது கொஞ்சம் நிறுத்திப் பார்க்கவா மேடம்?"

"வேண்டாம். நாளைக்கும் கையையே தூக்கட்டும். சாயங்காலம் பல்லாங்குழிக்கு வாங்க."